கடைத்தெரு கேள்வி பதில்: சொட்டு நீலத்திலிருந்து ஏலக்காய் வரை

பிராண்டுகள், கம்பெனிகள், விளம்பரங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களின் கை ஓங்கியிருக்கிறது.

உஜாலா கேரளத்துச் சரக்கு என்கிறார்களே, பெயர் இந்தியாக இருக்கிறதே? அது கிடக்கட்டும். கணக்காக நாலே சொட்டு விட்டும் வேட்டியில் ஊதாத் திட்டு விழுகிறது. என்ன தப்பு செய்கிறேன்?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

திருச்சூர்ச் சரக்குதான். எம்.பி. ராமச்சந்திரன் 1983-இல் சகோதரரிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கி, மகளின் பெயரில் ஜோதி லேபரட்டரீஸ் தொடங்கினார். அப்போது வெள்ளைத் துணிக்கு எல்லா வீட்டிலும் தூள் நீலம்தான். தூள் நீலம் கரையாது. துகளாக மிதந்து அடியில் படியும். கலக்காமல் துணியை அமுக்கினால் புள்ளி புள்ளியாக அப்பிக்கொள்ளும். அந்தக் குறையைத்தான் ராமச்சந்திரன் குறிவைத்தார். தண்ணீரில் முழுக்கக் கரையும் ஊதாச் சாயத்தைப் பாட்டிலில் அடைத்து, முதலில் பெண்களை வைத்து வீடு வீடாக விற்றார். விளம்பரப் பாட்டெல்லாம் பிறகு வந்தது. பெயர் இந்தியில் வெளிச்சம் என்று பொருள்படும். சந்தை வடக்கே போனபோது அதுவும் கைகொடுத்தது.

இனி உங்கள் வேட்டி. பழுப்பேறிய வெள்ளையில் தெரிவது மஞ்சள். ஊதா அந்த மஞ்சளை அடக்குவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அழுக்கை அது எடுப்பதில்லை. ஆகவே நீலம் எப்போதும் கடைசி வேலை. சோப்பு நுரை சுத்தமாகப் போகும் வரை அலசுங்கள், குறைந்தது 3 தண்ணீர். சோப்பு தங்கிய இடத்தில் சாயம் ஒரு மாதிரியும், அலசிய இடத்தில் வேறு மாதிரியும் பிடிக்கும். பெரும்பாலான திட்டுகளுக்கு இதுதான் காரணம். அரை வாளித் தண்ணீரில் சொட்டுகளை விட்டு, கையால் நன்றாகக் கலக்கிய பிறகு, துணியை மடிப்பில்லாமல் உதறி முழுக்க ஒரே தடவையில் அமுக்குங்கள். ஒரு நிமிடம் மேலும் கீழும் அளைந்துவிட்டு எடுத்துவிட வேண்டும், ஊற விடக் கூடாது. நாலைந்து துணி இருந்தால் முதல் துணியே சாயத்தில் பாதியை இழுத்துக்கொள்ளும். அடுத்ததற்கு ஒரு சொட்டு கூட்டுங்கள். துணி மேல் நேரடியாகச் சொட்டவே கூடாது.

திட்டு விழுந்துவிட்டால் பயம் வேண்டாம். பருத்தியில் இந்தச் சாயம் இறுகப் பிடிக்காது. அதனால்தான் ஒவ்வொரு துவைப்புக்கும் போட வேண்டியிருக்கிறது. காயும் முன் வெந்நீரிலும் சோப்பிலும் இரண்டு முறை துவைத்தால் போய்விடும். பட்டிலும் கம்பளியிலும் இந்தப் பேச்சு செல்லாது, அங்கே பிடித்தால் பிடித்ததுதான்.

உங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் என்பதால் இன்னொன்று. பழுப்பு அழுக்காக இல்லாமல் தண்ணீரில் உள்ள இரும்பின் கறையாக இருந்தால், எத்தனை சொட்டு போட்டாலும் வேட்டி சாம்பல் நிறமாகத்தான் மாறும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் இரும்புக் கறை இன்னும் கெட்டிப்படும்.

பார்லே ஜி பாக்கெட்டில் இருக்கும் குழந்தை சுதா மூர்த்தி அம்மாவா?
வாசகர், களியக்காவிளை

இல்லை. 1960-களில் எவரெஸ்ட் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் மகன்லால் தஹியா வரைந்த படம் அது. ஜி என்பது குளுக்கோஸ். வாட்ஸ்அப்பில் அந்தப் படத்துக்கு உரிமை கொண்டாடப்படும் மற்ற பெயர்களுக்கும் இதே பதில்.

கண்ணன் தேவன் டீயில் வரும் கண்ணன் தேவன் சாமி பெயரா? மூணாறு டீக்கும் எங்கள் போடிக்கும் பழைய தொடர்பு உண்டு என்று பெரியவர்கள் சொல்வது நிஜமா?
வாசகர், போடிநாயக்கனூர்

சாமி இல்லை, நிலக்கிழார். அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கின் கண்ணன் தேவர் பெயரில்தான் அந்த மலைகள் அழைக்கப்பட்டன. 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு ராஜா கேரள வர்மா, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்கு அந்த மலைகளைக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தார். முன்பணம் 5,000 ரூபாய், ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். ஏறக்குறைய 1,37,000 ஏக்கர்! கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்கு அரை அணாகூட இல்லை. 1897-இல் ஃபின்லே நிறுவனத்தார் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள்.

பெரியவர்கள் சொன்னது முழு நிஜம். கொச்சிப் பக்கம் சரக்கு இறக்கச் சரியான சாலை இல்லாத காலம் அது. 1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் பாரம் ஒரே தண்டவாளத்தில் நிற்கும், பக்கவாட்டுச் சக்கரம் ஒன்று ரோட்டில் உருண்டு சாயாமல் பார்த்துக்கொள்ளும், இழுப்பது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு 2 அடி அகல ரயில் பாதையே போட்டார்கள். டாப் ஸ்டேஷனில் இறங்கும் தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் சுமார் 5 கிலோமீட்டர் சறுக்கி அடிவாரத்தில் கோட்டகுடிக்கு வரும். அங்கிருந்து 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி, அதுதான் உங்கள் போடி. அதற்கப்புறம் துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. 1924 ஜூலை வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று சொல்வது, பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி அந்த ரயிலைப் போடவே இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். டாடா 1964-இல் ஃபின்லேயுடன் கூட்டுச் சேர்ந்து, 1983-இல் முழுதாக டாடா டீ ஆனது. 2005-இல் தோட்டங்களைப் புதிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. அதில் பெரும்பங்கு தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும். அந்தக் கம்பெனியின் பெயரில் இன்றும் கண்ணன் தேவன் உண்டு. ஆனால் கண்ணன் தேவன் பாக்கெட்டை விற்பது டாடாதான். தோட்டக் கம்பெனி தன் தூளை ரிப்பிள் என்ற பெயரில் விற்கிறது. மூணாறு போய்விட்டு வரும்போது எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம்.

பாக்கெட் இல்லாமல் சில்லறையில் தூள் வாங்குபவர்கள் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: வடிதாளில் ஒரு சிட்டிகை தூளைப் பரப்பி, தாள் நனையும் அளவு தண்ணீர் தெளித்து, சற்று நேரம் கழித்துத் தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் கழுவுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் நல்ல தூளில் கறை நிற்காது. சாயத்தூள் என்றால் புள்ளிகள் தெரியும்.

அமிர்தாஞ்சன் ஆந்திரக் கம்பெனியா, சென்னைக் கம்பெனியா? வீட்டில் பந்தயம்.
வாசகி, நகரி

இருவரும் தோற்றீர்கள். பிறந்தது பம்பாயில், 1893-இல். பிறப்பித்தவர் மட்டும் உங்கள் மாநிலத்துக்காரர், கிருஷ்ணா மாவட்டத்துக் காசிநாதுனி நாகேஸ்வர ராவ். சங்கீதக் கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். மூன்று மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தலைவலி வராமல் என்ன செய்யும்? சரியான இடத்தில் சரியான ஆளைப் பிடித்திருக்கிறார். ஒரு புட்டி 10 அணா. அந்த வருமானத்தில்தான் 1908-இல் பம்பாயிலேயே ஆந்திர பத்திரிகையைத் தொடங்கினார். 1914-இல் அது சென்னையில் நாளிதழ் ஆனது. தைலக் கம்பெனியும் சென்னைக்கு வந்து சேர்ந்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைப்பயிற்சி போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தலைவலித் தைலக்காரர் பெயர் என்று தெரியுமோ!

தடவும்போது ஒரு பட்டாணி அளவு போதும். மெந்தால் தோலின் குளிர் உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது, அதனால்தான் ஜில்லென்று இருக்கிறது. மேலும் மேலும் அப்பினால் எரிச்சல்தான் கூடும். கண்ணருகே, புண் மேல் வேண்டாம். 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கற்பூரம் சேர்ந்த எந்தத் தைலத்தையும் மூக்கடியில் தடவாதீர்கள்.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சாஷே ஷாம்புவை ஆரம்பித்தவர் தமிழர் என்கிறார்கள், உண்மையா? சாஷே வாங்குவது லாபமா, பாட்டிலா என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள்.
வாசகர், ஊத்துக்கோட்டை

ஷாம்புவைச் சாஷேயில் போட்டு நம் நாட்டில் வழிகாட்டியவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, 1983-இல் 15,000 ரூபாயில் தனியாகத் தொடங்கியதுதான் சிக். அப்பாவின் பெயரைச் சுருக்கினால் வருவது. கிராமங்களில் ஒரு பையனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பாருங்கள் என்று கூட்டத்திடம் விட்டார்கள்.

கடைக்காரரான உங்களுக்கு அடுத்த விஷயம் ருசிக்கும். எந்தக் கம்பெனியின் காலி சாஷே ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றார்கள். மற்ற கம்பெனி சாஷே வாங்கியவனும் சிக் வாங்கிப் போனான். வாடிக்கை பிடித்ததும் விதியை மாற்றினார்கள்: இனி காலி சிக் சாஷே மட்டும்தான் செல்லும். இலவசத்துக்காக ஆட்கள் சிக்கையே கேட்க, கடைக்காரர் அதை வைத்தே தீர வேண்டியதாயிற்று.

லாபக் கணக்கு எளிது. விலையை மில்லிலிட்டரால் வகுங்கள். உதாரணத்துக்கு, 5.5 மி.லி. சாஷே 1 ரூபாய் என்றால் மி.லி.க்கு 18 காசு. 180 மி.லி. பாட்டில் 130 ரூபாய் என்றால் 72 காசு. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற நம் நம்பிக்கை ஷாம்புவில் பெரும்பாலும் தலைகீழ். சாஷேயில் விலை நாணயத்தில் நிற்க வேண்டியிருப்பதால் கம்பெனி அதை ஏற்றத் தயங்கும். அளவைத்தான் சத்தமில்லாமல் குறைக்கும். ஆகவே பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் பக்கத்தில் வைத்து நிகர அளவைப் படியுங்கள். சாக்கடை அடைப்பது பற்றி மட்டும் எங்களைக் கேட்காதீர்கள். பல அடுக்கு ஒட்டிய அந்தத் தாளைக் காயலான் கடைக்காரர்கூட எடுக்க மாட்டார்.

எம்ஆர்எஃப் (மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி) மலையாளிக் கம்பெனி என்றால் பெயரில் ஏன் மெட்ராஸ்?
வாசகர், செங்கோட்டை

உங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலத்துக் கதை. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பேங்க் மூடப்பட்டது. அதை நடத்தியவர்களில் ஒருவரான கே.சி. மாம்மன் மாப்பிள்ளை சிறைக்குப் போனார். அவருடைய மலையாள மனோரமா நாளிதழும் முடக்கப்பட்டது. மகன் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை மெட்ராஸில் தங்கி, 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் தயாரித்து, பையில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார். 1952-இல் தேய்ந்த டயருக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பருக்கு மாறினார். நாலே ஆண்டில் அந்தச் சந்தையில் பாதி அவர் கையில். டயர் 1961-க்குப் பிறகு. டயரைத் தூக்கி நிற்கும் பயில்வான் 1964-இல் அலிக் பதம்சீ கொடுத்தது.

கைக்கடிகார விளம்பரத்தில் எப்போதும் மணி பத்து பத்து. லிங்கன் செத்த நேரம் என்கிறார்கள்.
வாசகர், வேப்பனப்பள்ளி

லிங்கன் இறந்தது காலை 7:22-க்கு. பத்து பத்தில் முட்கள் ஒன்றையொன்று மறைக்காது, 12-க்குக் கீழே உள்ள கம்பெனிப் பெயர் இரண்டு முட்களுக்கும் நடுவில் தெரியும், 3-இல் இருக்கும் தேதியும் தப்பிக்கும். விநாடி முள்ளை 35 பக்கம் நிறுத்தினால் மூன்றும் சமமாகப் பிரிந்து நிற்கும். பழைய வாட்ச் விற்கப் படம் எடுப்பவர்கள் இதையே செய்யலாம். உங்கள் பக்கத்து ஓசூரில் தயாராகும் டைட்டன், டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டின் முதலெழுத்துகள். 1984-இல் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவுடன் சேர்ந்து டாடா தொடங்கியது. விளம்பர இசை மொஸார்ட்டின் 25-ஆவது சிம்பொனி.

ஏலக்காய் விளைவது இடுக்கியில், ஏலம் நடப்பது போடியிலும் புற்றடியிலும். பிறகு ஏன் மூட்டையில் ஆலெப்பி கிரீன்?
வாசகி, கம்பம்

மலைச்சரக்கெல்லாம் ஆலப்புழைத் துறைமுகத்துக்கு இறங்கிக் கப்பலேறிய நாளில் ஒட்டிய பெயர், உலகச் சந்தையில் நின்றுவிட்டது. விளையாத ஊருக்கு விலாசம்!

அக்மார்க் தரத்தில் ஏஜிஇபி என்றால் காய் 7 மில்லிமீட்டருக்கு மேல், ஏஜிபி 6, ஏஜிஎஸ் 5. அதைவிட முக்கியம் லிட்டர் எடை. ஒரு லிட்டர் அளவு பாத்திரத்தை நிரப்பி எடை போட்டால் ஏஜிஇபி 435 கிராமுக்குக் குறையக் கூடாது. காய் பருத்து எடை குறைந்தால் உள்ளே அரிசி இல்லை என்று அர்த்தம், அல்லது பிஞ்சில் பறித்தது. கல்யாணத்துக்குக் கிலோ கணக்கில் வாங்கினால் கடையிலேயே நிறுத்துப் பாருங்கள். பத்துக் காயை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பச்சை கசிகிறதா என்றும் பார்க்கலாம். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும், ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டி ஏறினால் பூஞ்சை. கறுப்புப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள்.

பாப்பி குடை, ஜான்ஸ் குடை இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எது அசல்?
வாசகர், மார்த்தாண்டம்

இரண்டும். 1954-இல் ஆலப்புழையில் குடை வாவச்சன் தொடங்கிய செயின்ட் ஜார்ஜ் குடைதான் தாய்க்கடை. 1995-இல் குடும்பத்துக்குள் பிரிந்து இரண்டு பெயராயின. வாங்கும்போது பெயரை விட்டுவிட்டுக் குடையை விரித்து, கம்பி நுனியும் துணியும் சேரும் தையலை விரலால் நெருடிப் பாருங்கள். முதலில் பிய்வது அந்த முனைதான். மூன்று மடிப்புக் குடையில் மூட்டு அதிகம் என்பதால் காற்றில் முதலில் மடங்குவதும் அதுவே. தென்மேற்குப் பருவக்காற்றில் நடந்து போகிறவருக்கு நீளக் குடை. நனைந்ததை மடக்கி உறையில் போட்டு வைத்தால் ஒரே மழைக்காலத்தில் மூட்டு துருப்பிடிக்கும்; விரித்து நிழலில் உலர்த்தி, மூட்டுகளில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.