குற்ற வழக்குப் பதிவை அழிக்க வழி உண்டா? வழக்கறிஞர் பதில்கள்

குறிப்பிட்ட காலம் கழிந்ததும் பழைய வழக்கையோ தண்டனையையோ பதிவேட்டிலிருந்து நீக்கிவிடும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆகவே, அழிக்க முடியுமா என்று கேட்டு எழுதிய ஒவ்வொருவரிடமும் வழக்கு எந்த வகையில் முடிந்தது என்றே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (திண்டுக்கல்): திருவிழாத் தகராறு ஒன்றில் என் மீது பதிவான அடிதடி வழக்கில், புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சியானதால் (தன் புகாருக்கு மாறாகச் சாட்சி சொன்னதால்) 2019-இல் விடுதலையானேன். இப்போது காவலர் தேர்வில் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன். சரிபார்ப்புப் படிவத்தில் 'வழக்கு ஏதும் இல்லை' என்று எழுதலாமா?

பதில்: எழுதவே கூடாது. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலன் அளிக்கப்பட்டோ (குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்பதாலோ) புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவர் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். இவ்விதியைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் உறுதி செய்துள்ளது. எனவே தங்கள் நிலை எளிதானதன்று. ஆனால் மறைத்தால் இருக்கும் சிறு வாய்ப்பும் போய்விடும். அவதார் சிங் வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் பணியளிப்பவர் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. மற்றபடி, பொய்த் தகவல் தருவதே நியமனத்தை ரத்து செய்யப் போதுமான காரணமாகலாம் என்றும் தெளிவுபடுத்தியது. நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, அதன் கடைசிப் பத்திகளை நிதானமாகப் படியுங்கள். 'சந்தேகத்தின் பலன்' என்ற சொற்கள் அங்கே இருக்கின்றனவா, இல்லையா என்பதைப் பொறுத்தே தங்கள் வாதம் அமையும்.

கேள்வி (சிவகங்கை): வரப்புத் தகராறில் சித்தப்பா மகன் 2021-இல் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. இப்போது சமாதானமாகிவிட்டோம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. 2024 ஜூலைக்கு முன் பதிவான நம் ஊர்ப்பக்கத்துச் சண்டை வழக்குகளில் பெரும்பாலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, மிரட்டலுக்கான 506 ஆகிய மூன்று பிரிவுகளும் சேர்ந்தே வந்தன. இவற்றுள் காயம் ஏற்படுத்தியதற்கான 323-ஐ விசாரணை நீதிமன்றத்திலேயே சமரசமாக முடிக்கலாம். ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி)-யை அப்படி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த ஒரு பிரிவுக்காகவே பலர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் படியேறுகிறார்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவின் கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482) ரத்து மனு தாக்கல் செய்து, கூட்டுச் சமரச மனுவும் அடையாள ஆவணங்களும் இணைத்து, இருவரும் நேரில் முன்னிலையாக வேண்டும். தனிப்பட்ட பகையிலிருந்து எழுந்த வழக்கைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பது கியான் சிங் வழக்கில் 2012-இல் நிலைபெற்ற சட்டம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றுக்கு இது பொருந்தாது. ரத்தாணை கிடைத்ததும் அதன் நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெறத் தவறாதீர்கள். பழைய பதிவு திருத்தப்படாமலே கிடப்பதால்தான் பின்னாளில் சரிபார்ப்பின்போது சிக்கல் வருகிறது.

கேள்வி (கரூர்): என் மகன் 16 வயதில் இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் சிக்கினான். அது வாழ்நாள் முழுவதும் தொடருமா, ஐயா?

பதில்: தொடராது, அம்மா. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவு, அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் நேராது என்பதுடன், மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. உண்மையாகவே பதிவை அழிக்கச் சொல்லும் சட்டம் இது. 16 வயதைக் கடந்து கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டோருக்கு மட்டும் இச்சலுகை இல்லை.

கேள்வி (சென்னை): விடுதலையான பிறகும் இணையத்தில் என் பெயரைத் தேடினால் தீர்ப்பு வந்து நிற்கிறது. நீக்க முடியுமா?

பதில்: இப்படிப்பட்ட ஒருவரின் பெயரை மறைக்க உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரியில் ஆணையிட்டது, அவ்வாண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆகவே அந்த ஆணையை மட்டும் நம்பி இப்போது மனுச் செலவு செய்ய வேண்டாம் என்பதே என் யோசனை.