தந்தம் பதித்த கியூவும் நீங்கள் போட நினைக்கும் வழக்கும்

வாசகர் எழுதியதன் சுருக்கம்: “பல வருடமாக பூல் என்ற மேஜைப் பந்தாட்டம் ஆடுகிறேன், அதில் பந்தை அடிக்கும் கோல்களான கஸ்டம் கியூக்கள் சேகரிக்கிறேன். அமெரிக்காவில் உள்ள ஒரு சேகரிப்பாளரிடம், புகழ்பெற்ற கியூ மேக்கர் ஜார்ஜ் பாலாபுஷ்கா செய்தது என்று சொல்லப்பட்ட கியூவைப் பெரும் பணம் கொடுத்து வாங்கினேன். இங்கே ஒரு கியூ மேக்கரிடம் காட்டினேன். முன்பகுதியான ஷாஃப்ட் இரண்டும் பின்னால் மாற்றியவை, பிடிக்கும் பகுதியான பட் புதிதாக பாலிஷ் போட்டது, அதில் மரங்களைக் கூர்முனைகளாகப் பொருத்தும் பாயிண்ட் வேலை பாலாபுஷ்காவுடையது போலவே இல்லை என்றார். சக ஆட்டக்காரர்கள் முன்னால் தலைகுனிய வேண்டியதாயிற்று. விற்றவர் நண்பராகப் பழகியவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது, ‘மூன்றில் ஒரு பங்கு பணம் தருகிறேன், கியூவை நீயே வைத்துக்கொள்’ என்கிறார். (நுனி வளையமான ஃபெரூல், இரு பகுதிகளும் சேரும் ஜாயிண்ட், பின்முனை மூடியான பட் கேப் மூன்றும் தந்தம். சுங்கத்தில் தொல்லை வராமல் இருக்க, பார்சலில் ‘பழைய மரக்கோல், அன்பளிப்பு’ என்று எழுதலாம் என இருவரும் பேசிக்கொண்டோம்.) மோசடி வழக்கு போட்டு முழுப் பணத்தையும் வாங்க முடியுமா?”

பதில்:

உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்.

நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், சக ஆட்டக்காரர்கள் முன்னால் தலைகுனிய நேர்ந்ததும் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் அவை எதுவும் வழக்குக்கு உதவாது. தந்தம் என்ற ஒன்று இல்லாவிட்டால், “இது பாலாபுஷ்கா” என்று அவர் உறுதியாக எழுதினாரா, “பாலாபுஷ்கா என்று நினைக்கிறேன்” என்று எழுதினாரா என்பதை மட்டும் கேட்டிருப்பேன். அப்போதும் உங்கள் கியூ மேக்கரின் சாட்சியம் நீங்கள் நம்புகிற அளவுக்குப் பலமானதல்ல. பாலாபுஷ்கா தன் கியூக்கள் பலவற்றை வேறு ஆட்களின் பிளாங்க்கிலிருந்து, அதாவது பாதி செய்து வைத்த கட்டையிலிருந்து, செய்தவர். பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூ, கியூ மேக்கர்கள் பர்டன் ஸ்பெயின், கஸ் சாம்போடி என்று பல கைகள் அதில் உண்டு. பாயிண்ட்டை மட்டும் வைத்து “இது அவருடையது இல்லை” என்று சொல்கிற சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் பத்து நிமிடத்தில் உட்கார வைத்துவிடுவார்.

சரி, அந்த அடைப்புக்குறிக்கு வருவோம். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இருப்பதால் அதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆசிய யானை 1975 முதலும், ஆப்பிரிக்க யானை (பின்னர் விலக்கப்பட்ட சில நாடுகளின் யானைகள் தவிர) 1990 ஜனவரி 18 முதலும் அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. பாலாபுஷ்கா 1975-ல் இறந்துவிட்டார், கியூ அதற்கும் முந்தையது, ஆகவே தப்பித்தோம் என்றுதான் சேகரிப்பாளர்கள் நினைக்கிறார்கள். பழையது என்பது மட்டும் போதாது. பழையது என்பதற்கு ஏற்றுமதி செய்யும் நாட்டின் சான்றிதழ் பொருளோடு வர வேண்டும். அமெரிக்கா 2016 ஜூலை 6 முதல் இன்னும் இறுக்கிவிட்டது. தந்தம் 200 கிராமுக்குக் குறைவாக இருந்தால் வேறு சில நிபந்தனைகளோடு விற்கலாம் என்று விற்பவர்கள் சொல்வது, அந்நாட்டு மாநிலங்களுக்கிடையே நடக்கும் விற்பனைக்கு மட்டும்தான். ஆப்பிரிக்கத் தந்தம் உள்ள பொருளை விற்பனைக்காக வெளிநாடு அனுப்ப வேண்டுமென்றால் அது குறைந்தது 100 வருடம் பழையதாக இருக்க வேண்டும். பாலாபுஷ்கா கியூ செய்யத் தொடங்கியதே 1959-ல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இசைக்கருவிகளோடு பயணம் செய்பவர்களுக்கு அந்த விதிகளில் தனி வழி உண்டு. கியூவுக்கு அப்படி எதுவும் இல்லை.

நீங்கள் இந்தியாவில் இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991 திருத்தத்துக்குப் பிறகு, இறக்குமதியான தந்தத்தின் வியாபாரத்தையும் தடுக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. “இது யானைத் தந்தமில்லை, எப்போதோ அழிந்துபோன மாமத்தின் தந்தம்” என்ற வாதமும் அங்கே எடுபடாது. 2003-ல் பல்ராம் குமாவத் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதையும் தடைக்குள் கொண்டுவந்துவிட்டது.

இப்போது நீங்கள் வழக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கியூவை ஆவணமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அரட்டைச் செய்திகளையும் தாக்கல் செய்ய வேண்டும். சுங்கத்தில் பொய் எழுத நீங்கள் ஒப்புக்கொண்ட செய்தியும் அதில்தான் இருக்கிறது. தானும் பங்கேற்ற சட்டவிரோதக் காரியத்தை அடிப்படையாக வைத்து நிவாரணம் கேட்பவரை நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பும். இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 2016-ல் பட்டேல் எதிர் மிர்சா வழக்கில் இந்த விதியைத் தளர்த்தியது உண்மைதான். ஆனால் அந்தத் தளர்வு, அதிர்ஷ்டம் இருந்தால், பணத்தைத் திருப்பித் தரும். கியூவைப் பறிமுதலிலிருந்தோ உங்களைக் குற்ற வழக்கிலிருந்தோ அது காப்பாற்றாது.

என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் தங்களையே சிக்கவைத்துக்கொள்வது பெரும்பாலும் இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வழக்கு வேண்டாம் என்று சொன்னவுடன், “அப்படியானால் வனவிலங்கு அதிகாரிகளிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறேன், பயந்து பணத்தைக் கொடுப்பான்” என்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குற்றத்தை வெளியே சொல்வேன் என்று மிரட்டிப் பணம் கேட்பது பல நாடுகளில் மிரட்டிப் பணம் பறித்தல் என்ற தனிக் குற்றம். பணம் உங்களுக்கு நியாயமாக வர வேண்டியதாகவே இருந்தாலும், நீங்கள் அனுப்பும் அந்த ஒரு செய்தியால் அவர் புகார்தாரராகவும் நீங்கள் குற்றவாளியாகவும் மாறிவிடலாம். கோபத்தில் இரவு பதினொரு மணிக்குத் தட்டிவிட்ட ஒரு வரி, கொடுத்த விலையைவிடப் பல மடங்கு செலவு வைக்கும்.

கியூவைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றும் தோன்றும். அது அனுமதியில்லாத ஏற்றுமதி, அதாவது இரண்டாவது குற்றம். வெளிநாட்டுப் போட்டிக்குப் பையில் போட்டு எடுத்துச் செல்வதிலும் இதே ஆபத்துதான். ஃபெரூலைக் கழற்றி பிளாஸ்டிக் போட்டுவிட்டால், செய்திகளை அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இருக்கிற குற்றத்தோடு ஆதாரத்தை அழித்த குற்றமும் சேரும். கியூவை வேறொருவருக்கு விற்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அது உண்மையிலேயே தந்தம்தானா என்பது இன்னும் முடிவாகவில்லை என்பதையும் மறக்காதீர்கள். பழைய ஃபெரூல்களில் மைக்கார்ட்டா என்ற செயற்கைப் பொருளும் எலும்பும்கூட உண்டு. குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் தந்தம், சிறு சிறு துளைகள் தெரிந்தால் எலும்பு. ஆனால் நீங்களாக எவரிடமும் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். காட்டுகிற ஒவ்வொருவரும் நாளை சாட்சி. ஏற்கெனவே ஒருவரை உருவாக்கிவிட்டீர்கள். உங்கள் ஊர்க் குற்றவியல் வக்கீல் மூலமாக நிபுணரை நியமியுங்கள். பெரும்பாலான நாடுகளில் அப்படிப் பெறும் அறிக்கைக்கு வக்கீல்–கட்சிக்காரர் ரகசியப் பாதுகாப்பு கிடைக்க வாய்ப்பு உண்டு. தந்தமில்லை என்று வந்தால் உங்கள் பேரம் பேசும் பலம் கூடும். பொய்யான சுங்கச் சீட்டு மட்டும் அப்போதும் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே அந்த மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள், பாதி வரை வந்தால் நல்லது. ஆனால் பேச்சு உங்கள் வக்கீல் வழியாக நடக்கட்டும், தந்தம் என்ற சொல்லே அதில் வரக்கூடாது. சமரசப் பத்திரத்தில், பொருளின் விவரிப்பு பற்றிய தகராறு இத்துடன் முடிந்தது, இருவருக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று மட்டும் இருக்கட்டும். “அதிகாரிகளிடம் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதியை அவர் கேட்டாலும் எழுதிக் கொடுக்காதீர்கள். குற்றத்தை மறைக்கப் பணம் வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. அதுவே பல இடங்களில் குற்றமும்கூட.

பணம் வந்த பிறகு கியூவை என்ன செய்வது, தானாக முன்வந்து ஒப்படைப்பதா, எப்போது, எந்த வார்த்தைகளில் என்பதை அதே வக்கீலிடம் நேரில் பேசி முடிவெடுங்கள். அதுவரை கியூ அதன் பெட்டியிலேயே இருக்கட்டும். இதுபற்றி இனி எவருக்கும், எனக்கும்கூட, எழுத்தில் எதுவும் அனுப்பாதீர்கள்.