தடித்த குஷன் உள்ள ரன்னிங் ஷூ ஓடுவதற்கு உண்மையிலேயே சொகுசாக இருக்குமா? அளவு எப்படிப் பார்த்து வாங்குவது?

கடையில் போட்டு நாலு அடி நடந்து பார்த்தால் சொகுசாகத்தான் இருக்கும். அதில் மயங்கித்தான் நானும் வாங்கினேன். பத்துக் கிலோமீட்டர் தாண்டியதும் பாதத்தின் உள்வளைவில் சுருசுருவென்று எரிச்சல். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம். அடுத்த தடவை அரை சைஸ் பெரிதாக வாங்கினேன். நீளம்தான் கூடியது, கொப்புளம் அதே இடத்தில்.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த ஷூக்களில் குதிகாலுக்கு அடியில் 35 முதல் 40 மில்லிமீட்டர் வரை உயரம் இருக்கும். அவ்வளவு உயரத்தில் மெத்தென்ற ஃபோம் மேல் நின்றால் கணுக்கால் ஆடும். அதனால் பல மாடல்களில் ஃபோமின் ஓரங்களைக் கிண்ணம் மாதிரி மேலே தூக்கி, பாதம் உள்ளே இறங்கி உட்காரும்படி செய்திருப்பார்கள். உங்கள் பாதம் அந்தக் கிண்ணத்தைவிட அகலமாக இருந்தால் ஓரச்சுவர் ஒவ்வொரு அடிக்கும் உரசும். என் கதை அதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை (கழற்றக்கூடிய உள்மெத்தை) வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். சதை ஓரத்தில் வழிந்தால் அந்த ஷூ வேண்டாம், அல்லது அதே மாடலில் அகலமான 2ஈ (2E) அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். மாலையில் போய்ப் பாருங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விடணும். இல்லையென்றால் நகம் கறுக்கும்.

முன்னால் இடம் விடு என்றதும் சிலர் குதிகாலையும் தொளதொளவென்று விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. சோல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு இறுக்கமாகக் குதிகாலைப் பிடிக்கணும். மேலே கணுக்கால் பக்கம் காலியாக ஒரு கூடுதல் துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். லேஸை அதற்குள் அதே பக்கமாகவே விட்டு ஒரு சின்ன வளையம் வைத்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் நகராது. பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போனால் நடுவில் உள்ள லேஸை மட்டும் தளர்த்தினால் போதும்.

குஷன் கூடினால் அதிர்ச்சி குறையும் என்றும் கண்ணை மூடி நம்பிவிடாதீர்கள். 2018-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், தடித்த குஷன் ஷூவில் வேகமாக ஓடியபோது சாதாரண ஷூவைவிடத் தரை அதிர்ச்சி கூடுதலாகப் பதிவானது. அடியில் மெத்தென்று இருந்தால் நாம் காலை விறைப்பாக வைத்து இறங்குகிறோமாம். நான் மெதுவான நீண்ட ஓட்டங்களுக்கு மட்டும் இதைப் போடுகிறேன். அதற்கு இதைவிட நல்லது எனக்கு அமையவில்லை.

அந்த முதல் ஜோடியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் ஒரே சைஸ்தான், ஆனால் அவன் பாதம் ஒடுக்கம். இன்றுவரை ஒரு கொப்புளம் கிடையாது, "இதையா குறை சொன்னே?" என்கிறான்.