சீகர்ரேபெ திராட்சைக்குக் குளவிப் பொறி வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் கெண்ட் பகுதியில் அரை ஏக்கரில் சீகர்ரேபெ ரகத் திராட்சை வைத்திருக்கிறேன், வெள்ளை ஒயினுக்காக. போன செப்டம்பரில் குளவிகள் மொய்த்துப் பாதிக் குலைகளில் வெறும் தோல்தான் மிஞ்சியது. பறவை வலை போட்டும் பலனில்லை. இனிப்புத் தண்ணீர் ஊற்றிய பொறிகளைத் தோட்டத்துக்குள் தொங்கவிடச் சொல்கிறார் கடைக்காரர். எத்தனை வாங்கலாம்? இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருக்கிறது. அதற்கு என்ன அடிப்பது?

பதில்: ஒன்றுகூட வாங்காதீர்கள். இனிப்புப் பொறியைக் கொடிகளுக்கு நடுவே தொங்கவிட்டால் பக்கத்துக் காட்டுக் குளவியும் தேடிக்கொண்டு வரும். புட்டியில் விழுந்து கிடப்பதைக் காட்டிக் கடைக்காரர் அடுத்த டஜனை விற்பார். உங்கள் குலையில் உட்கார்ந்திருப்பதை அவர் எண்ணமாட்டார்.

கோடை முடியும்போது குளவிக் கூட்டில் புழுக்கள் குறைந்துவிடும். அதுவரை புழு சுரக்கும் இனிப்பைக் குடித்துவந்த வேலைக்காரக் குளவிகள் பழத்துக்கு அலையத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து உங்கள் திராட்சைதான் முதலில் பழுக்கிறது. 1929இல் ஜெர்மனியின் அல்ஸையில் கேயோர்க் ஷாய் உருவாக்கிய ரகம் இது. தாய் மடலேன் ஆன்ஜெவின், தகப்பன் கெவுர்ஸ்ட்ராமினர். சீக்கிரம் பழுப்பது தாய் வழி. வாசனையும் புளிப்புக் குறைவும் தகப்பன் வழி.

பறவை வலைக் கண்ணில் குளவி தாராளமாக நுழையும். குளவி புகாத நெருக்கமான பூச்சி வலையைக் காய் இளகத் தொடங்குமுன் குலை வரிசையின் இருபுறமும் கட்டி, அடியையும் மூடுங்கள். பக்கத்தில் கூடு இருந்தால் ஆள் வைத்து எடுத்துவிடலாம். தோட்டத்துக்குத் தொலைவில் இருப்பதை விட்டுவிடுங்கள், கோடை முழுக்க அது கம்பளிப்புழு தின்னும்.

சரி, நீங்கள் கேட்காததுக்கு வருவோம். எதைப் பார்த்துப் பறிக்கும் நாளை முடிவு செய்கிறீர்கள்? இங்கிலாந்தில் மற்ற ரகங்களில் புளிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தே பழக்கப்பட்டுவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைச் சீகர்ரேபெயிடம் காட்டினால் கெட்டீர்கள். இதில் சர்க்கரை தானாக ஏறும், புளிப்புத்தான் நிற்காது. ரிஃப்ராக்டோமீட்டர் சர்க்கரையை மட்டுமே சொல்லும். இந்த ரகக்காரரை ஏமாற்ற அதைவிடச் சிறந்த கருவி இல்லை. காய் இளகியதிலிருந்து வாரம் இரண்டு முறை, வரிசை வரிசையாக நூறு பழம் பறித்துப் பிழிந்து, பிஹெச்சும் மொத்த அமிலமும் பாருங்கள். பிஹெச் ஏறி 3.3ஐ நெருங்கினால், அமிலம் லிட்டருக்கு 7 கிராமை ஒட்டி இறங்கினால், பறிக்க ஆளைக் கூப்பிடுங்கள். சர்க்கரை கொஞ்சம் குறைவாக இருக்கட்டுமே, ரோஜா வாசனை அதற்குள் வந்திருக்கும். இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் வாசனை கூடும் என்பவர்களின் ஒயினைக் குடித்திருக்கிறேன். சோப்புத் தண்ணீர் மாதிரி மழமழவென்று இறங்கும். அந்த ஒரு வாரத்தில்தான் குளவியும் உங்களுக்கு முன்னால் அறுவடை செய்கிறது. குளவி கடித்த பழத்தைத் தனியே ஒதுக்குங்கள். கூடையில் கலந்தால் காடி வாடை அடிக்கும்.

அப்புறம் அந்த மஞ்சள் இலை. கெண்டில் பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை மேலேயே இருக்கிறது. அந்த மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது, சீகர்ரேபெ அதை அதிகம் தாங்காது. மலிவான இ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு உரத்தை அந்த மண்ணில் ஊற்றுவது வீண் செலவு, இ.டி.டி.ஹெச்.ஏ. (EDDHA) வகை வேலை செய்யும், விலை கடிக்கும், வருடாவருடம் வேண்டும். முதலில் மண்ணில் செயல்படு சுண்ணாம்பு (எளிதில் கரையும் நுண்ணிய சுண்ணாம்பு) எவ்வளவு என்று சோதியுங்கள். கொடி செத்த இடத்தில் புதுக் கன்று வைப்பதானால் சுண்ணாம்பைத் தாங்கும் ஃபெர்கல் அல்லது 41பி வேர்ச்செடியில் ஒட்டியதையே கேளுங்கள். நாற்றுக்காரர் கையிருப்பில் வேறு ஏதோ இருக்கிறது என்றால், அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.