கதவைத் திறந்து உள்ளே காட்டச் சொல்லுங்கள்

பழைய அமெரிக்கக் கடிகாரங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி: என் கணவரின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுக்க, கணப்பின் மேல் வைக்கும் கடிகாரம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ‘சேத் தாமஸ், 1880-கள், கருப்புப் பளிங்கு, நன்றாக ஓடுகிறது’ என்று எழுதி 425 டாலர் கேட்கிறார்கள். முன்னால் தூண்கள், பக்கவாட்டில் சிங்க முகம். வாங்கலாமா?

படத்தைப் பார்த்தேன் அம்மா. அது பளிங்கு இல்லை, மரப்பெட்டி. மேலே செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக் தகட்டை ஒட்டிப் பளிங்கு மாதிரி காட்டியிருக்கிறார்கள். 1880-இல் காப்புரிமை பெற்ற இந்தப் பூச்சுக்கு ‘அடமன்டைன்’ என்று பெயர். சேத் தாமஸ் நிறுவனம் இதில் ஏராளமான கடிகாரங்களைச் செய்து விற்றது. மரம் என்பதால் மதிப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. ஆனால் பளிங்கு விலை கொடுக்கக் கூடாது.

வயதை நீங்களே பார்த்துவிடலாம். பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் சேத் தாமஸ் ஆட்கள் வருடத்தைத் தலைகீழாக முத்திரை குத்தி, பக்கத்தில் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்தையும் (ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று வரிசையாக) போடுவார்கள். ‘5981 பி’ என்றிருந்தால் 1895 பிப்ரவரி. உங்கள் கடிகாரம் 1890-களுக்குப் பிந்தியது என்றே எனக்குப் படுகிறது.

‘நன்றாக ஓடுகிறது’ என்ற வார்த்தைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள். இந்தப் பித்தளை எந்திரங்களுக்கு வலுவான ஸ்பிரிங். எண்ணெய் காய்ந்து அழுக்கேறிக் கிடந்தாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட ஓட அந்த அழுக்கே அச்சு முனைகளை அராவும், தகட்டிலுள்ள துளைகள் நீள்வட்டமாகும். கடைசியில் ஒருநாள் நிற்கும்போது செலவு பெரிதாக இருக்கும். அதனால் கடைசியாக எப்போது முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். பின்கதவைத் திறந்து எந்திரத்தின் படத்தையும் கேளுங்கள். பித்தளைத் தகட்டில் சேத் தாமஸ் முத்திரை இருக்கிறதா? பெட்டியில் எந்திரம் பொருந்தாத பழைய திருகுத் துளைகள் தெரிகின்றனவா? தெரிந்தால் ஒரு கடிகாரத்தின் பெட்டியில் இன்னொன்றின் எந்திரத்தை மாட்டியிருக்கலாம். காட்டத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

சமீபத்தில் பழுது பார்த்ததற்கு எழுத்தில் உத்தரவாதம் தந்தால் ஒழிய 425 டாலர் அதிகம். வாங்கிவிட்டால் வெயிலிலோ, எரியும் கணப்பின் மேலோ வைக்காதீர்கள். செல்லுலாய்டு எளிதில் தீப்பிடிக்கும். ஸ்பிரிட், தின்னர் எதுவும் படக் கூடாது.

ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஒரு வாசகர்: சான்சி ஜெரோம் செய்த ‘ஓஜி’ (S போல வளைந்த மரச்சட்டம் கொண்ட) சுவர்க் கடிகாரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1840-களின் அபூர்வப் பொருள் என்கிறார் கடைக்காரர். உள்ளே லேபிள் பாதி கிழிந்திருக்கிறது. புதிதாக அச்சிட்டு ஒட்டித் தருகிறாராம்.

ஒட்ட விடாதீர்கள், ஐயா! அந்தக் கிழிந்த பாதிதான் உங்கள் கையிலிருக்கும் சாட்சி. அதில் ஊர்ப்பெயர் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரிலிருந்த ஜெரோமின் தொழிற்சாலை 1845-இல் எரிந்துபோனது. அதன்பின் தொழில் நியூ ஹேவனுக்குப் போய்விட்டது. லேபிளில் எந்த ஊர் இருக்கிறது என்பதை வைத்தே காலத்தை ஓரளவு நெருங்கிவிடலாம். அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருந்தால் இன்னும் நல்லது.

‘அபூர்வம்’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மரச் சக்கரங்களை ஓரங்கட்டிவிட்டு, மலிவான பித்தளைத் தகட்டில் சக்கரம் வெட்டி, சாதாரண வீடுகளுக்கும் கடிகாரத்தைக் கொண்டுபோனவர் ஜெரோம். 1842-இல் இங்கிலாந்துக்கு ஒரு சரக்கு அனுப்பினார். பட்டியலில் விலை அவ்வளவு குறைவாக இருந்ததால், வரியை ஏய்க்கிறார் என்று சந்தேகப்பட்ட சுங்க அதிகாரிகள், அந்த விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு மகிழ்ச்சி; உடனே அடுத்த சரக்கை அனுப்பினார். அதையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிட்டார்கள். இப்படிக் குவியல் குவியலாகச் செய்த பொருள் இது. வாங்க வேண்டிய காரணம் இந்த வரலாறுதான், அபூர்வம் அல்ல.

இரண்டு இரும்பு எடைகளும் இருக்கின்றனவா, கதவின் கீழ்க்கண்ணாடியில் உள்ள ஓவியம் பழையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஓவியம் கண்ணாடியின் உட்பக்கம் தீட்டியது. உட்பக்கத்தைத் துடைத்தால் பெயர்ந்து வந்துவிடும்.

டாலஸிலிருந்து ஒரு வாசகர்: பள்ளிக்கூடத்தில் மாட்டுகிற எண்கோண வடிவக் கடிகாரம். டயலில் ‘31 நாள்’ (ஒருமுறை சாவி கொடுத்தால் அத்தனை நாள் ஓடுமாம்) என்று இருக்கிறது. 1900-ஆம் ஆண்டுப் பொருள் என்கிறார்கள்.

வேண்டாம். டயலில் அப்படி அச்சிட்டவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொரியா போன்ற ஆசிய நாடுகளிலிருந்து வந்தவை. ‘அன்சோனியா’ என்ற பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். புரூக்ளினில் இயங்கிய பழைய அன்சோனியா நிறுவனத்தின் எந்திரங்களையும் கருவிகளையும் 1929 வாக்கில் சோவியத் அரசு வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்விட்டது. அதே பெயரில் பின்னாளில் வந்தவற்றுக்குள் ஜெர்மன் எந்திரம் இருக்கும்.

பாஸ்டனிலிருந்து ஒரு வாசகி: கடையில் ஓடிய கடிகாரம் வீட்டில் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

இருக்காது. டிக், டாக் இரண்டும் சம இடைவெளியில் கேட்கின்றனவா? நொண்டுகிற மாதிரி கேட்டால், பெட்டியின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே காது கொடுங்கள். ஒலி சமமாகும் இடத்தில் அடியில் மடித்த அட்டையைச் செருகுங்கள். அப்புறமும் நின்றால், பெண்டுலம் தொங்குகிற மெல்லிய எஃகுப் பட்டை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெண்டுலத்தைக் கழற்றாமல் காரில் கொண்டுவந்தால் முதலில் அதுதான் வளையும். மாற்றுப் பட்டை சில டாலர்தான். ஆனால் ஸ்பிரிங்கின் பக்கம் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். சாவி கொடுத்த ஸ்பிரிங் திடீரென விடுபட்டால் விரலைப் பதம் பார்த்துவிடும்.