பத்து தடுப்பையும் எலக்ட்ரான் முழுசா தாண்டுமா?

கேள்வி: ஒரே மாதிரி பத்து பொட்டென்ஷியல் தடுப்பு (எலக்ட்ரானுக்குக் குறுக்கே நிக்கிற ஆற்றல் சுவர்) வரிசையா இருந்தா எலக்ட்ரான் ஊடுருவுற வாய்ப்பை எப்படிங்க கண்டுபிடிக்கிறது? எல்லைக்கு எல்லை சமன்பாடு எழுதினா 40 வருது, தலை சுத்துது.

பதில்: 40-ம் வேண்டாங்க. ஒரு தடுப்பு, பக்கத்துல இருக்கிற இடைவெளி, ரெண்டும் சேர்ந்து ஒரு செல். செல்லோட இடப்பக்க அலையையும் வலப்பக்க அலையையும் இணைக்கிறது ஒரே ஒரு 2×2 மேட்ரிக்ஸ்தான், பத்து செல்லுக்கு அதையே பத்தாவது அடுக்குக்கு உயர்த்தணும், டிட்டர்மினன்ட் (அணிக்கோவை) 1-ங்கிறதால அதுக்கும் செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைங்கிற தயார் சூத்திரத்தை வச்சு ஒரே வரியில விடை வந்துடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். ஒரு செல்லோட மேட்ரிக்ஸ்ல மூலைவிட்ட உறுப்புகளோட கூட்டுத்தொகையில பாதியை எடுங்க. அது -1-க்கும் 1-க்கும் வெளியே போனா பேண்ட் கேப், அதாவது அலை பரவ முடியாத ஆற்றல் இடைவெளி, செல் கூடக்கூட ஊடுருவல் மளமளனு குறையும். உள்ளே இருந்தா பேண்ட், அதாவது அலை பரவக்கூடிய ஆற்றல் பட்டை, அப்போ அதை ஒரு கோணத்தோட கொசைன்னு எழுதலாம், அந்தக் கோணத்தைப் பத்தால பெருக்கி சைன் எடுத்தா பூஜ்யம் வர்ற ஆற்றல் ஒவ்வொரு பேண்ட்லயும் ரெண்டு ஓரத்தை விட்டுட்டு 9 இருக்கும், அந்த 9-லயும் எலக்ட்ரான் நூத்துக்கு நூறு தாண்டிடும்! தனியா ஒரு தடுப்பு வச்சா பெரும்பாலும் திருப்பி அனுப்புற அதே ஆற்றல்லதான் இது நடக்குது, எதிரொலிச்ச அலைகள் எல்லாம் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கிறதால.

1970-ல ஐபிஎம்ல இயற்பியலாளர்கள் எசாகியும் ட்சூவும் முன்வச்ச சூப்பர்லாட்டிஸுக்கு (மெல்லிய செமிகண்டக்டர் அடுக்குகள் மாறி மாறி வர்ற அமைப்பு) 1973-ல அவங்களே இந்த மேட்ரிக்ஸ் வழியிலதான் கணக்கு போட்டாங்க.

கம்ப்யூட்டர்ல செய்யும்போது டிட்டர்மினன்ட் 1-லயே நிக்குதானு பாத்துக்கோங்க, தடுப்பு ரொம்பத் தடிமனா இருந்தா எண்கள் பெருத்துப்போய் பிழை வரும், அப்போ உள்ளே வர்ற அலையையும் வெளியே போற அலையையும் இணைக்கிற ஸ்கேட்டரிங் மேட்ரிக்ஸுக்கு மாறிடுங்க.