வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் முடித்து மும்பையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் கடிதத்தில் உதவித்தொகை பற்றி ஒரு வரிகூட இல்லை. திருநெல்வேலி வீட்டை அடமானம் வைக்கலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?
- ஒரு வாசகி, செம்பூர்

பதில்: முதலில் வாழ்த்துகள் அம்மா. வீட்டையே கொடுக்கத் துணிந்த அப்பா கிடைத்திருக்கிறார், அது பெரிய விஷயம். ஆனாலும் பத்திரம் இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும்.

கடிதத்தில் எழுதவில்லை என்பதற்காக உதவி கிடையாது என்று முடிவு கட்டாதீர்கள். பணம் பெரும்பாலும் துறையின் கையிலும் பேராசிரியர்களின் ஆராய்ச்சி நிதியிலும்தான் இருக்கும். துறையின் முதுகலை ஒருங்கிணைப்பாளருக்கு இன்றே எழுதுங்கள்: எம்.எஸ். மாணவர்களுக்கு டீச்சிங் அசிஸ்டன்ட், ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை உண்டா, எப்போது முடிவாகும்? பிறகு உங்கள் வேலையோடு தொடர்புள்ள இரண்டு மூன்று பேராசிரியர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் உடனே தெரிந்துவிடும். இந்த வேலை கிடைத்தால் பல இடங்களில் மாதச் சம்பளத்தோடு கல்விக் கட்டணமும் குறையும்.

அங்கே ஏப்ரல் 15 முக்கியமான தேதி. உதவித்தொகையோடு இடம் பெற்றவர்களுக்குப் பதில் சொல்ல பல பல்கலைக்கழகங்கள் அதுவரை அவகாசம் தருகின்றன. வேண்டாம் என்பவர்களின் வாய்ப்பு அதன் பிறகு அடுத்தவர்களுக்குப் போகும். அதனால் அதற்கு முன்பு ஒரு முறை, பிறகு ஒரு முறை கேளுங்கள். பிஎச்.டி. மாணவர்களுக்குத்தான் முதலிடம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆய்வேடு எழுதும் எம்.எஸ். என்றால் வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

மும்பையிலேயே ஜே.என். டாடா எண்டோமென்ட் (1892 முதல் இருக்கிறது), கே.சி. மகிந்திரா கல்வி அறக்கட்டளை இரண்டும் வெளிநாட்டு மேற்படிப்புக்குக் கடன் உதவித்தொகை (பிறகு திருப்பித் தர வேண்டிய பணம்) தருகின்றன. மகிந்திராவுடையதற்கு வட்டி கிடையாது. விண்ணப்பக் காலம் வருட ஆரம்பத்திலேயே முடிந்துவிடும், உடனே பாருங்கள்.

வங்கிக் கல்விக் கடனுக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை, ஆனால் ஜாமீன் கேட்கலாம். பிரதமர் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தை யாராவது சொன்னால், அது இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அமெரிக்கா போனபின் பல்கலைக்கழக வளாகத்தில் பகுதிநேர வேலை பார்க்கலாம், படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை. அந்தப் பணத்தைக் கட்டணக் கணக்கில் சேர்க்காதீர்கள், சாப்பாட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைப் பல்கலைக்கழகத்திடம் வாங்க முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டியாக வேண்டும். அதற்குள் எதுவும் அமையாவிட்டால், சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். என் அக்கா மகன் அவசரப்பட்டு வீட்டை வைத்துத்தான் போனான். இரண்டாவது செமஸ்டரில் அவனுக்கு அசிஸ்டன்ட் வேலை கிடைத்தது. அக்கா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவிடம் மே மாதம் வரைக்கும் மட்டும் அவகாசம் கேளுங்கள்.